மதுரைக்கு வந்த குடும்பங்கள்: லேத்ரப் வீட்டுப் பெண்கள்

போன வாரம் பென்சில்வேனியாக் குவேக்கர் உழவர்களின் மணப் பதிவேட்டில் நிறுத்தியிருந்தோம். சபைக்கு வெளியே பெண் எடுத்தவனைச் சபையை விட்டே விலக்கி வைத்தார்கள். அந்த ஒரு விதி சில தலைமுறைகளுக்குள் ஒரு வட்டாரத்துப் பண்ணைக்காரர்கள் அத்தனை பேரையும் ஒருவருக்கொருவர் மாமன் மச்சான் ஆக்கிவிட்டது. இந்த வாரம் 1847-க்கு வருவோம், மதுரை அமெரிக்க மிஷனைப் பிளந்த சாதிப் பிரச்சினையைப் பார்ப்போம் என்று சொல்லியிருந்தேன். வருவோம். ஆனால் அந்த ஆண்டில் உபதேசியார்களைப் பார்த்து, "சாதியை விட்டேன் என்பதற்கு அடையாளமாக ஒன்றாய் உட்கார்ந்து சாப்பிடு" என்று உத்தரவிட்ட வெள்ளைக்காரர்கள் யார், அவர்களுக்குள் யாருக்கு யார் என்ன முறை என்று தெரியாமல் அந்தப் பந்தியை விளங்கிக்கொள்ள முடியாது.

மதுரைக்கு வந்த அமெரிக்கர்கள் குவேக்கர்கள் இல்லை. சொல்லப்போனால் நேர் எதிர்ப் பங்காளிகள். 1660-ல் பாஸ்டனில் மேரி டயர் என்ற குவேக்கர் பெண்ணைத் தூக்கில் போட்ட பியூரிட்டன் சபையின் வாரிசுகள்தான் 1810-ல் அமெரிக்கன் போர்டு என்ற மிஷன் சங்கத்தைத் தொடங்கினார்கள். மசாசூசெட்ஸ், கனெக்டிகட், வெர்மான்ட், நியூ ஹாம்ப்ஷயர் என்று கல்லும் பனியும் நிறைந்த வயல்களுக்கு நடுவே எழுந்த ஊர்கள் அவர்களுடையவை. குவேக்கர்களைப் போல வெளியே கட்டினால் விலக்கு என்ற சட்டம் அவர்களிடம் கிடையாது. சட்டம் இல்லாமலே அதே முடிவுக்கு வந்து சேர்ந்தார்கள் என்பதுதான் இந்த வாரக் கதை.

காரணம் எளிது. மிஷனரியாகப் போகிறவன் கப்பல் ஏறுவதற்கு முன் கல்யாணம் செய்துகொள்வதையே போர்டு விரும்பியது. செமினரியில் படித்துக்கொண்டிருந்த இளைஞனுக்கு, உயிரோடு திரும்புவோமா என்று தெரியாத பயணத்துக்குச் சம்மதிக்கும் பெண் வேண்டும். அப்படிப்பட்ட பெண் எல்லா வீட்டிலும் இருக்கமாட்டாள். ஒரு வீட்டில் ஒருத்தி கிளம்பினால் அவள் எழுதும் கடிதங்களைப் படித்தே அடுத்தவள் தயாராவாள். அப்படித் தயாரான வீடுகளில் தலையான வீடு கனெக்டிகட் மாநிலம் நார்விச் ஊரில் இருந்த லேத்ரப் குடும்பம். அந்த வீட்டில் நான்கு பெண்கள். நான்கு பேரும் தமிழ் பேசும் மண்ணில் ஊழியத்துக்கு வந்தவர்களையே கட்டினார்கள்.

மூத்தவள் ஹேரியட், 1796-ல் பிறந்தவள். வெர்மான்ட் மாநிலத்து வில்லிஸ்டனில் பிறந்த மைரன் வின்ஸ்லோவை மணந்து, 1819 ஜூனில் பாஸ்டனிலிருந்து 'இண்டஸ்' கப்பலில் கிளம்பினாள். அதே கப்பலில்தான் டாக்டர் ஜான் ஸ்கடர் வந்தார். அதே கப்பலில்தான், பின்னால் மதுரைக்கு வழி பார்த்துக் கொடுத்த லெவி ஸ்பால்டிங்கும் வந்தார். 1820-ல் யாழ்ப்பாணம் சேர்ந்தார்கள். வேலூர் சி.எம்.சி.யை உருவாக்கிய ஐடா ஸ்கடர் இந்த ஜான் ஸ்கடரின் பேத்தி என்பது வாசகர்களுக்குத் தெரிந்த செய்திதான்.

யாழ்ப்பாணத்து உடுவிலில் 1824-ல் ஹேரியட் பெண்களுக்கான விடுதிப் பள்ளியைத் தொடங்கினாள். பெண்ணுக்கு எழுத்து எதற்கு என்று கேட்ட காலம். மழை இரவொன்றில் வீடு திரும்ப முடியாமல் மாட்டிக்கொண்ட இரண்டு சிறுமிகள் மிஷன் வீட்டில் சோறு உண்டதிலிருந்துதான் விடுதி பிறந்தது என்று உடுவிலில் ஒரு கதை வழங்குகிறது. வெள்ளைக்காரர் வீட்டில் கை நனைத்த பெண்களுக்குப் பிறகு எந்த வீட்டில் வரன் கிடைக்கும்? மிஷனே பொறுப்பேற்றது. விடுதியில் வளர்ந்த பெண் கிறித்தவனைக் கட்டும்போது சீதனத்துக்கு ஒரு தொகை கொடுத்தார்கள். வட்டுக்கோட்டை செமினரியில் படித்த பையன்களுக்கும் உடுவிலில் படித்த பெண்களுக்கும் கல்யாணங்கள் கூடின. நியூ இங்கிலாந்தில் தங்களுக்குள் நடந்ததையே இங்கேயும் நடத்தி வைத்தார்கள். ஆங்கிலமும் தமிழும் கணக்கும் தெரிந்த ஒரு புதுச் சொந்தக்கூட்டம் யாழ்ப்பாணத்தில் முளைத்தது அப்படித்தான். 1834 ஜூலை கடைசியில் ஹொய்சிங்டனும் டாடும் மதுரையில் மிஷனைத் தொடங்க வந்தபோது, கூடவே யாழ்ப்பாணத்துத் தமிழ் உதவியாளர்கள் மூன்று பேர் வந்தார்கள். ஹொய்சிங்டன்தான் பின்னாளில் சிவஞான போதத்தையும் சிவப்பிரகாசத்தையும் ஆங்கிலத்தில் பெயர்த்தவர். மதுரை மிஷனின் தாய்வீடு பாஸ்டன் என்று எழுதுகிறவர்கள் யாழ்ப்பாணத்தை மறந்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு கிடையாது.

ஹேரியட்டுக்குச் சார்ல்ஸ் என்று ஒரு மகன். முழுப்பெயர் சார்ல்ஸ் லேத்ரப் வின்ஸ்லோ. உடுவிலில் பிறந்தவன். படிப்புக்காக அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டு, அங்கே 1832-ல் பதினொரு வயதில் இறந்தான். மிஷனரித் தாய்மார் எல்லோருக்கும் விதிக்கப்பட்ட தண்டனை இது. பிள்ளைக்கு எட்டு, பத்து வயதானால் கப்பலேற்றி அனுப்பிவிட வேண்டும், பிறகு கடிதம்தான் பிள்ளை. மகன் போன மறு ஆண்டு, 1833 ஜனவரியில், ஹேரியட்டும் இறந்தாள். அந்த 1832-ல் யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் ஒரு குழந்தை பிறந்தது. மிஷன் பள்ளியில் அந்தப் பையனுக்கு வழங்கிய பெயர் சார்ல்ஸ் வின்ஸ்லோ கிங்ஸ்பெரி. நமக்கு அவர் சி.வை. தாமோதரம்பிள்ளை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. பட்டதாரிகள் இருவரில் ஒருவர். தொல்காப்பியத்தையும் கலித்தொகையையும் ஓலையிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தவர். கிறித்தவப் பெயரை உதறிச் சைவராகவே வாழ்ந்து மறைந்தார். ஆனால் ஆங்கிலத்தில் எழுதும்போது சி.டபிள்யூ. என்ற முதலெழுத்துகள் கடைசிவரை அவரோடு நின்றன. நார்விச் வீட்டின் எதிரொலி சங்க இலக்கியப் பதிப்பு வரலாறு வரைக்கும் வந்திருக்கிறது.

ஹேரியட் இறந்த ஆண்டிலேயே தங்கை எலிசபெத், சாமுவேல் ஹட்சிங்ஸின் மனைவியாக யாழ்ப்பாணம் கிளம்பினாள். 1835-ல் இன்னொரு தங்கை ஹேரியட் ஜோஹானா, ஜான் பெர்ரியின் மனைவியாகக் கிளம்பினாள். 1836 நவம்பரில் சார்லட், ஹென்றி செரியின் மனைவியாகப் பாஸ்டனில் கப்பலேறினாள். செரிக்கு ஒதுக்கப்பட்ட களம் மதுரை. அக்காள் ஒருத்தி புதைந்த திசையை நோக்கி மூன்று தங்கைகள் நான்கே ஆண்டுகளில் வந்திருக்கிறார்கள். இதைப் பக்தி என்ற ஒற்றைச் சொல்லால் மூடிவிட மனம் வரவில்லை. பெண்ணுக்கு வாக்கும் கிடையாது, கல்லூரியும் கிடையாது என்றிருந்த நாட்டில், ஒரு பெண் தன் பெயரால் ஒரு பள்ளியைக் கட்டி நடத்தலாம் என்ற வாய்ப்பு உடுவிலில்தான் இருந்தது. அக்காளின் கடிதங்கள் அதைத்தான் அந்த வீட்டுக்குள் கொண்டுபோயிருக்கும் என்று நான் நம்புகிறேன்.

சார்லட் மதுரையில் வாழவே இல்லை என்று சொல்லிவிடலாம். 1837 மார்ச்சில் சென்னையில் இறங்கினாள். அந்த ஆண்டு நவம்பருக்குள் யாழ்ப்பாணத்தில் உயிர் போயிற்று. அடுத்த மார்ச்சில், 1838-ல், பெர்ரியும் ஹேரியட் ஜோஹானாவும் சில நாள் இடைவெளியில் காலராவுக்குப் பலியானார்கள். நான்கு பெண்களில் மூவர் ஐந்தாண்டுச் சொச்சத்தில் போய்விட்டார்கள். மதுரையிலும் அந்தப் பத்தாண்டு முழுக்கச் சாவுதான். முதலில் வந்த டாடின் மனைவி லூசி 1835-ல் இறந்தாள். முதல் மருத்துவர் ஜான் ஸ்டீல் 1842-ல் இறந்தார். ராபர்ட் ட்வைட் 1844-ல் இறந்தார். இந்தச் சாவுகளுக்குப் பயந்துதான் 1845-ல் பழனி மலைமேல் இரண்டு பங்களா கட்டினார்கள், சன்னிசைடு ஒன்று, ஷெல்ட்டன் இன்னொன்று. இன்றைக்கு நாம் கூட்டம் கூட்டமாகக் கிளம்பிப் போகிற கொடைக்கானல் பிறந்தது அந்தச் சாவுகளிலிருந்து.

சாவு இருக்கும் இடத்தில் மறுமணமும் இருக்கும். இங்கேதான் வம்சாவளி நூல் சிக்கலாகிறது, எனக்கோ சுவை கூடுகிறது. மனைவியை இழந்த டாட், கிளாரிசா என்ற விதவையை மணந்தார். கிளாரிசாவின் முதல் கணவர் எட்மண்ட் ஃபிராஸ்ட், பம்பாய் மிஷனில் இறந்தவர். இரண்டாவது கணவர் ஹென்றி உட்வர்டு, 'இண்டஸ்' கப்பலில் வின்ஸ்லோவோடு வந்தவர், 1834-ல் இறந்தவர். மூன்றாவதாக டாடைக் கட்டி மதுரைப் பக்கம் வந்தாள், 1837-ல் தானும் இறந்தாள். பம்பாய், யாழ்ப்பாணம், மதுரை என்று மூன்று மிஷன்களை ஒரு பெண்ணின் தாலி, நம் வழக்கில் சொன்னால், ஒன்றாகக் கட்டிப் போட்டிருக்கிறது. வின்ஸ்லோவோ ஐந்து கல்யாணம் செய்தவர். அவருடைய நான்காவது மனைவி வேறு யாருமில்லை, நம் மதுரையில் இறந்த ராபர்ட் ட்வைட்டின் விதவை மேரி.

எங்கள் பக்கம் காதுகுத்துக்கும் கல்யாணத்துக்கும் எழுதும் மொய் நோட்டை ஒரு கிழவியிடம் கொடுத்தால், வரிசையைப் பார்த்தே யார் யாருக்கு என்ன முறை என்று சொல்லிவிடுவாள். மிஷன் அறிக்கைகளையும் அப்படித்தான் படிக்க வேண்டியிருக்கிறது. அதற்கு ஒரு சூட்சுமம் உண்டு: நடுப்பெயரைப் பார்க்க வேண்டும். நியூ இங்கிலாந்துக்காரர்கள் தாய்வீட்டுப் பெயரையோ, மதித்த குடும்பத்தின் பெயரையோ பிள்ளையின் நடுப்பெயராக வைத்தார்கள். திருமங்கலத்தில் ஊழியம் செய்த ஜேம்ஸ் ஹெரிக்கின் மகன் பெயர் டேவிட் ஸ்கடர் ஹெரிக். பின்னால் தமிழ்ப் பேரகராதியின் ஆசிரியராக நாம் சந்திக்கப்போகும் ஜான் சாண்ட்லரின் முழுப்பெயர் ஜான் ஸ்கடர் சாண்ட்லர். கல்யாணத்தில் கரைந்துபோன பெண்ணின் குடும்பப் பெயர் பிள்ளையின் நடுவில் வந்து ஒட்டிக்கொண்டு நிற்கும். வரலாற்றில் அந்தப் பெண்களுக்குக் கிடைத்த இடம் பல நேரம் அவ்வளவுதான்.

இந்த ஹெரிக்குக்குப் பெயர் கொடுத்த டேவிட் ஸ்கடர், டாக்டர் ஜான் ஸ்கடரின் பிள்ளை இல்லை. பாஸ்டன்காரர், டேவிட் கோயிட் ஸ்கடர். தாய் பெயர் சாரா லேத்ரப் கோயிட். அந்த நடுப்பெயரைக் கவனியுங்கள். 1861-ல் மனைவியோடு மதுரைக்கு வந்தார். அந்த டிசம்பரில் மதுரையில் மகள் பிறந்தாள். மறு ஆண்டு பெரியகுளம் நிலையத்துக்கு அனுப்பப்பட்டார். 1862 நவம்பரில் வெள்ளம் புரண்டோடிய வைகையைக் கடக்கப்போய் மூழ்கி இறந்தார். வயது இருபத்தேழு. மகளுக்கு அப்போது ஒரு வயதுகூட நிறையவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் வைகை எப்படி வரும் என்று ஊர்க்காரர்களுக்குத் தெரியும். காலையில் மணலாகக் கிடந்த ஆறு மாலையில் ஆளை இழுக்கும். அணை கட்டப்படாத காலத்து வைகை அது.

தாய் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பாஸ்டன் போய்ச் சேர்ந்தாள். அந்தக் குழந்தை வைடா டட்டன் ஸ்கடர். இவரைப் பற்றி நான் நிதானமாக எழுதாமல் போகமுடியாது. சித்தப்பா ஹொரேஸ் ஸ்கடர் 'அட்லாண்டிக் மந்த்லி' பத்திரிகையின் ஆசிரியராக இருந்தவர், இன்னொரு சித்தப்பா சாமுவேல் ஸ்கடர் பட்டாம்பூச்சி ஆய்வில் பெயர்பெற்ற அறிஞர், தாய்மாமன் வீடு ஈ.பி. டட்டன் என்ற பெரிய பதிப்பகம். வசதிக்குக் குறைவில்லை. 1884-ல் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போய் ஜான் ரஸ்கினின் சொற்பொழிவுகளைக் கேட்டார். அந்த அறைக்குள் உட்கார்ந்து கேட்ட பேச்சு அவரைத் தூங்கவிடவில்லை. ஏழைகளின் உழைப்பில் வந்த பணத்தில் நான் படிக்கிறேன் என்ற உறுத்தல் பிடித்துக்கொண்டது. 1887 முதல் வெல்ஸ்லி பெண்கள் கல்லூரியில் இலக்கியம் கற்பித்தார். 1892-ல் பாஸ்டனின் ஏழைகள் குடியிருப்பில் டெனிசன் ஹவுஸ் என்ற சேவை இல்லம் தொடங்கக் காரணமாக இருந்தவர்களில் ஒருவர். 1912-ல் லாரன்ஸ் நகரத்து ஜவுளி ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது மேடையேறி அவர்கள் பக்கம் பேசினார். கல்லூரியை விட்டு வெளியேற்று என்று பாஸ்டன் பத்திரிகைகள் கூச்சல் போட்டன. அவர் அசையவில்லை. கடைசிவரை தன்னைக் கிறித்தவ சோசலிஸ்டு என்றே சொல்லிக்கொண்டு, 1954-ல் மறைந்தார். ஹார்வி மில் தொழிலாளர்களின் கதை தெரிந்த மதுரையில், ஆலைத் தொழிலாளிக்காகக் குரல் கொடுத்த இந்த மதுரைப் பிறவியின் பெயரில் ஒரு சந்துகூடக் கிடையாது. எனக்கு இது வருத்தம்தான்.

வில்லன்களும் உண்டு. சார்லட் வந்த அதே கப்பலில் வந்தவர்கள் ஃபெர்டினாண்ட் டி வில்டன் வார்டும் மனைவி ஜேனும். மதுரையிலும் பிறகு சென்னையிலும் ஊழியம் செய்துவிட்டு 1846-ல் ஊர் திரும்பினார்கள். 1851-ல் பிறந்த அவர்களுடைய மகன், அப்பா பெயரையே தாங்கிய ஃபெர்டினாண்ட் வார்டு, நியூயார்க் பங்குச் சந்தையில் கால்வைத்தான். உள்நாட்டுப் போரின் தளபதி, முன்னாள் அதிபர் யுலிசிஸ் கிராண்டைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டு 'கிராண்ட் அண்ட் வார்டு' என்று கம்பெனி நடத்தினான். புதிதாக வருகிறவன் பணத்தை எடுத்துப் பழையவனுக்கு லாபமாகக் கொடுப்பது, நம் ஊர் சீட்டுக் கம்பெனிகள் பல காட்டிய அதே வித்தை. 1884 மே மாதம் எல்லாம் சரிந்தது. கிராண்ட் ஒட்டாண்டியானார். குடும்பத்துக்குச் சோறு போட வேண்டுமென்று தொண்டைப் புற்றுநோயோடு போராடிக்கொண்டே தன் நினைவுகளை எழுதினார். மார்க் ட்வைன் அதைப் பதிப்பித்தார். எழுதி முடித்த சில நாளில், 1885 ஜூலையில், கிராண்ட் இறந்தார். வார்டு சிங் சிங் சிறைக்குப் போனான். இவனுடைய கொள்ளுப்பேரன் ஜெஃப்ரி வார்டு என்ற வரலாற்றாசிரியர், குடும்பத்து மானத்தைப் பார்க்காமல் இந்தக் கதை முழுவதையும் 2012-ல் புத்தகமாக எழுதிவிட்டார். அந்த நேர்மைக்கு என் வணக்கம்.

கிராண்ட் ஒட்டாண்டியான அதே 1884-ன் நவம்பரில் அமெரிக்க அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் குரோவர் கிளீவ்லாந்து. அவருடைய அக்காள் ஆனா அப்போது யாழ்ப்பாணத்தில் இருந்தவள். யாழ்ப்பாணக் கல்லூரியின் முதல் முதல்வர் யூரோட்டஸ் ஹேஸ்டிங்ஸின் மனைவி. ஒரு முன்னாள் அதிபரைக் கவிழ்த்தவன் மதுரை மிஷனரியின் மகன், புது அதிபர் யாழ்ப்பாண மிஷனரியின் மைத்துனர்.

லேத்ரப் வீட்டுக்கே திரும்புவோம். உடுவில் ஹேரியட்டுக்குத் தன் பெயரையே தாங்கிய ஒரு மகள், 1829-ல் பிறந்தவள். ஹேரியட் லேத்ரப் வின்ஸ்லோ. அவள் ஜான் வெல்ஷ் டல்லஸ் என்ற மிஷனரியை மணந்து, கணவனோடு சென்னையில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு 1853-ல் அமெரிக்கா திரும்பினாள். மறு ஆண்டு பிறந்த மகன் ஆலன் மேசி டல்லஸ் போதகரானார். அவருடைய பிள்ளைகள் ஜான் ஃபாஸ்டர் டல்லஸ், ஆலன் டல்லஸ். ஐசன்ஹோவர் காலத்தில் அண்ணன் வெளியுறவுச் செயலர், தம்பி சி.ஐ.ஏ. இயக்குநர். ஆலன் டல்லஸ் இளமையில், 1914-ல், அலகாபாத்தில் ஆங்கிலம் கற்பித்தவர்கூட. கொள்ளுப்பாட்டி மண்சுவர்ப் பள்ளியில் தமிழ்ப் பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தாள். மூத்த கொள்ளுப்பேரன் 1956-ல் நடுநிலைமை என்பதே ஒழுக்கக்கேடான கொள்கை என்று மேடையில் முழங்கினார். நேருவின் இந்தியாவை மனத்தில் வைத்துக்கொண்டு அதைக் கேட்டவர்கள் எத்தனை பேர்! ஈரானிலும் குவாதமாலாவிலும் மக்கள் தேர்ந்தெடுத்த ஆட்சிகளைக் கவிழ்த்த சகோதரர்களுக்கு ஹேரியட்டின் பெயரைச் சொல்ல அருகதை கிடையாது என்பது என் கருத்து.

நல்ல சொத்தும் இந்தக் குடும்பங்களில் கைமாறி வந்திருக்கிறது. அது அகராதி.

கே.கே. நகரில் பஸ் பிடித்துக் கோரிப்பாளையத்தில் இறங்கினால் அமெரிக்கன் கல்லூரி. உள்ளே டேனியல் பூர் நினைவு நூலகம். பூர் 1830-களின் நடுவில் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்து ஊர் ஊராகப் பள்ளி திறந்தவர். அவருடைய இரண்டாவது மனைவி ஆன் நைட். ஆனின் அண்ணன் ஜோசப் நைட், யாழ்ப்பாணம் நல்லூரில் இருந்த ஆங்கிலேய மிஷனரி. பெரிய தமிழ் அகராதிக்குச் சொல் சேர்க்கத் தொடங்கியவர் அவர். நைட் இறந்ததும் சேர்த்து வைத்த சொற்கள் அமெரிக்கர்களிடம் வந்தன. அதன் ஒரு கிளை 1842-ல் மானிப்பாய் அகராதியாக வெளிவந்தது. சந்திரசேகர பண்டிதரின் உழைப்பு அது. யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷன் அச்சுக்கூடத்தை அப்போது நடத்தியவர் ஈஸ்ட்மன் மைனர். மறு கிளை வின்ஸ்லோவிடம் வந்தது. மனைவிமார் ஒவ்வொருவராய்ப் போய்க்கொண்டிருந்த அந்த மனிதர் சென்னையில் உட்கார்ந்து, இராமானுசக் கவிராயர் போன்ற புலவர்களின் துணையோடு, 1862-ல் 67,000-க்கும் மேற்பட்ட சொற்கள் கொண்ட தமிழ் ஆங்கில அகராதியை முடித்தார். இரண்டு ஆண்டு கழித்து ஊர் திரும்பும் வழியில் தென்னாப்பிரிக்காவில் இறந்தார்.

ஐம்பது ஆண்டு கழிந்தது. வின்ஸ்லோ அகராதியை விரிவாக்கி ஒரு பேரகராதி செய்ய வேண்டும் என்று அரசு முடிவெடுத்தபோது, 1913-ல் ஆசிரியராக வந்தவர் ஜான் ஸ்கடர் சாண்ட்லர். 1849-ல் மதுரையில் பிறந்தவர். யேல் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு 1873-ல் பிறந்த ஊருக்கே மிஷனரியாகத் திரும்பியவர். அவருடைய முதல் மனைவி ஜென்னி மைனர், மானிப்பாய் அச்சுக்கூடத்து ஈஸ்ட்மன் மைனரின் மகள். மானிப்பாய் அகராதி வெளிவந்த காலத்து அச்சுக்கூடக்காரரின் மருமகன்தான் பேரகராதியின் முதல் ஆசிரியர். ஜென்னி இறந்தபின் அவர் கட்டிய ஹென்ரியட்டா, மதுரை மிஷனரி ஜான் ரெண்டலின் மகள். பேரகராதி வேலை மதுரையில்தான் தொடங்கிற்று, பிறகுதான் சென்னைக்கு மாறியது. தலைமைப் பண்டிதர் மு. இராகவையங்கார். சாண்ட்லர் 1922-ல் ஓய்வுபெற்றார். வையாபுரிப் பிள்ளை 1926-ல் பொறுப்பேற்று முடித்து வைத்தார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள். வையாபுரிப் பிள்ளையின் பெயரும் புகழும் நிலைத்துவிட்டன, அது நியாயம். சாண்ட்லரைச் சொல்கிறவர்கள் குறைவு. ஜென்னியைச் சொல்கிறவர்கள் யாருமே இல்லை.

சாண்ட்லரின் தங்கை கெர்ட்ரூடு ஆற்காடு மிஷனின் வைக்காஃபைக் கட்டினாள். அவர்கள் மகள் சார்லட் சாண்ட்லர் வைக்காஃப் விழுப்புரம் பக்கத்து முட்டத்தூரில் கிராமத்துப் பிள்ளைகளுக்கு உழவோடு சேர்ந்த கல்வியைக் கொண்டுவந்தாள். கனெக்டிகட் வயல்களிலிருந்து கிளம்பிய கொடி, மூன்றாம் தலைமுறையில் மறுபடி ஏர் பிடித்துவிட்டது.

இவ்வளவையும் ஏன் 1847-க்கு முன்னால் வைக்கிறேன்? மேலே நான் எண்ணிய கல்யாணங்களை மறுபடி ஒருமுறை பாருங்கள். லேத்ரப், வின்ஸ்லோ, செரி, ட்வைட், மைனர், ரெண்டல், சாண்ட்லர், டல்லஸ், வைக்காஃப். கொண்டதும் கொடுத்ததும் தங்களுக்குள்ளேதான். தமிழ்க் கிறித்தவக் குடும்பத்தோடு ஒரு சம்பந்தம்கூட இந்த வரிசையில் கிடையாது. யார் யாரைக் கட்டலாம் என்று எழுதி வைத்த விதி எதுவும் அவர்களிடம் இல்லை. பழக்கம் போதுமானதாக இருந்தது. திருமங்கலத்திலும் மானாமதுரையிலும் இருந்த உபதேசியார் இதைக் கண்கொண்டு பார்த்திருப்பார். தன் சாதிக்குள் கொள்வினை கொடுப்பினை செய்கிற தன்னைத் தப்பு என்று சொல்கிறவர், தன் வீட்டுப் பெண்ணை எங்கே கொடுத்தார் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும்.

சாதியை விடச் சொன்னது தவறு என்று நான் சொல்லவரவில்லை. அது சரி. 1847-ல் அதைச் சொல்வதற்கு நெஞ்சுரம் வேண்டும், அந்த உரத்தால் மிஷன் நல்ல ஊழியர்களையும் இழந்தது. தாழ்த்தப்பட்டவரோடு உட்கார்ந்து உண்ணமாட்டேன் என்று எழுந்து போனவர்களுக்காக எனக்கு ஒரு சொட்டு இரக்கமும் கிடையாது. ஆனால் உத்தரவு போட்டவர்களும் ஒரு சொந்தக்கூட்டம்தான், அந்தக் கூட்டத்தின் வேலி அவர்கள் கண்ணுக்கே தெரியவில்லை என்பதையும் சேர்த்துத்தான் அந்த ஆண்டை எழுத வேண்டும். இதுவரை எழுதியவர்கள், சாண்ட்லர் 1912-ல் எழுதிய மிஷன் வரலாறு உட்பட, பந்தியில் உட்கார மறுத்தவர்களின் சாதியை மட்டும்தான் பேசியிருக்கிறார்கள்.

அடுத்த வாரம் அந்தப் பந்திக்குள் நேராகவே போகிறோம். ஜான் ஸ்கடர் சாண்ட்லரின் தகப்பனார் ஜான் எடி சாண்ட்லர் மனைவி சார்லட்டோடு இந்தியா வந்து இறங்கியதும் அதே 1847-ல்தான். ஊருக்குப் புதிய அந்தத் தம்பதி கண்ட முதல் பெரிய சண்டை அது.

(தொடரும்)